இந்த வாரம் கேட்ட இரைச்சல்

எனக்குக் கவலைப்படுவதுதான் முழுநேர வேலை. ரப்பர் வெட்டுவது அதற்கு நடுவில் செய்கிற சில்லறை வேலை.

குலசேகரத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்தில் பால்வெட்டுகிறேன். விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போக வேண்டும். அப்போது வலது காதில் பாட்டு இருக்கும். இடது காதில் எதையும் வைக்கமாட்டேன். பன்றி வந்தாலும், சருகில் பாம்பு நகர்ந்தாலும், தூரத்துத் தோட்டத்தில் மழை விழத் தொடங்கினாலும் முதலில் தெரிவது அந்தக் காதுக்குத்தான்.

இதில் என் மனைவிக்குப் பெரிய வருத்தம். "இவனுவ பாட்டுல ஒருத்தன் வலத்தே கிட்டார் அடிப்பான், ஒருத்தன் இடத்தே அடிப்பான். நீங்க இடத்தே உள்ளவன இதுவரைக்கும் கேட்டதே இல்ல அத்தான். அவன் என்ன பாவம் செஞ்சான்?" என்று கேட்பாள். ஒரு பாவமும் செய்யவில்லை. அவன் நிற்கிற இடத்தில் எனக்குப் பன்றி நிற்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் கேட்பது ஹெவி மெட்டல். கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? தகரக் கொட்டகைமேல் ஆனி மாத மழை பெய்யும்போது உள்ளே நாலுபேர் சண்டை போட்டால் எப்படி இருக்கும், அப்படி. முதலில் இரைச்சலாகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் பொறுத்தால், சண்டைக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது தெரியவரும். அது தெரிந்தபிறகு விடவே முடியாது.

எனக்கு அதைத் தந்தது அவள்தான். அவள் நர்ஸ். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் வளைகுடாவில் இருந்த வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவள் இங்கிலீஷில் டாக்டர்களோடு பேசுகிறவள். தினமும் போனில் என்ன பேசுவது? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீங்க?" "ஆமா." "மழையா?" "மழைதான்." அதற்குமேல் இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். இந்தப் பெண்ணுக்கு நான் அலுத்துப்போய்விட்டேன் என்று நான் ராப்பகலாகக் கவலைப்பட்டேன். அப்படி இருக்கும்போது ஒருநாள் ஒரு பாட்டை அனுப்பினாள். அறையில் கூடத் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ்காரி யூனிபார்ம் தேய்க்கும்போதெல்லாம் அதைத்தான் வைப்பாளாம். நான் வலது காதில் மாட்டிக் கேட்டேன். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்தினான். பயந்துபோய் அவளைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, அங்க ஒனக்கு ஒண்ணும் ஆகல்லியே?"

"எனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தான் இருக்கேன். பாட்டு எப்பிடி?"

"இவன் என்ன சொல்லுகான்?"

"எனக்கும் தெரியாது அத்தான். அவன் கத்துகான், நான் கேக்கேன்."

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. இங்கிலீஷ் படித்த அவளுக்கும் புரியவில்லை, படிக்காத எனக்கும் புரியவில்லை. இப்படிப்பட்ட ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இந்தக் குழுக்கள் தங்கள் பெயரை எழுதுகிற லட்சணமும் அப்படித்தான். பிடுங்கிப் போட்ட முருங்கை வேர்போல இருக்கும். காலேஜில் படித்தவனும் அதை வாசித்துவிட முடியாது. அதனால் நாங்கள் அட்டைப்படத்தைப் பார்த்து நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். மஞ்சள் ஆடு. மொட்டை மரம். உடைஞ்ச கப்பல்.

அங்கே வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களுக்குக் கணக்குத் தீர்க்கிற நேரம். அந்த வாரம் கேட்டதில் ஆளுக்கு ஓர் ஆல்பத்தைச் சொல்ல வேண்டும், ஏன் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். சும்மா "நல்லாயிருக்கு" என்று சொன்னால் விடமாட்டாள். மற்றவர் கேட்டுவிட்டு "கொள்ளாம்" என்றோ "கொள்ளாது" என்றோ தீர்ப்புச் சொல்வோம். எங்கள் ஊரில் கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனது சபையில் வைத்து அல்ல, இந்த வெள்ளிக்கிழமைகளில்தான் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. போதகர் காதில் விழ வேண்டாம்.

இடையில் ஒரு மாத லீவில் வந்துபோனவள், அடுத்த தடவை வயிற்றில் பிள்ளையோடு ஊருக்கு வந்தாள். ஏழாம் மாதம் அவள் வீட்டார் பலகாரம் கொண்டுவந்து, மண்டைக்காட்டுப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கடலுக்கு அப்பால் இருந்தவள் ஒரு பைக் பயணத்துக்குள் வந்துவிட்டாள். ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்ணின் வீட்டில் மருமகன் போய் ஒட்டிக்கொண்டு கிடக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை போகலாம், பழம் கொடுக்கலாம், சாப்பிடலாம், வரலாம். ஆகையால் வெள்ளிக்கிழமை போன் நிற்கவே இல்லை.

அந்த வீட்டில் என் மாமியார் இருக்கிறார். மாமி என்றுதான் கூப்பிடுவேன். சபையில் பெண்கள் பாடும்போது முதல் வரியை எடுத்துக் கொடுப்பவர். சுருதி கொஞ்சம் இறங்கினால்கூடத் திரும்பிப் பார்த்து முறைப்பார். எங்கள் ஆல்பங்களுக்கெல்லாம் அவர் வைத்திருந்த ஒரே பெயர், இரைச்சல்.

"இந்த இரைச்சல கேட்டா பிள்ளைக்க காது என்னத்துக்காவும்? பிள்ளை பேடிச்சுப் போவும் மக்கா" என்பார்.

"பிள்ளை துள்ளிச் சாடுது அம்மா. சந்தோசத்துல."

"சந்தோசத்துல இல்ல, நிறுத்துங்கன்னு சொல்லுது."

நான் சொல்ல வந்தது போன ஆனி மாதத்தில் ஒரு வாரம். ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கவலையின் உச்சம். அதனாலோ என்னவோ கேட்டதெல்லாம் நல்ல சரக்காக அமைந்த வாரம் அது.

முதலில் மொட்டை மரம். நார்வே நாட்டுக் குழு. அட்டையில் இலையில்லாத காடு, பனி. மாசி மாதம் இலை கொட்டி நிற்கிற எங்கள் தோட்டத்தின்மேல் யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டதுபோல இருக்கும். தொடக்கத்தில் வெறும் காற்றுச் சத்தம்தான், வெகுநேரத்துக்கு. எனக்கு ஹெட்போன் பழுதாகிவிட்டதோ என்று கவலை. கழற்றி ஊதி, துடைத்து மாட்டினால் மறுபடியும் காற்று. கடைசியில் கிட்டார் வந்தபோது வந்த நிம்மதியில் அந்தப் பாட்டே பிடித்துப்போனது.

அடுத்து அவள் சொன்ன மஞ்சள் ஆடு, பிரேசில்காரர்கள். கூட்டமாக நின்று மேளம் அடிக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் சிங்காரி மேளம் அடிக்கும்போது காலை அடக்கி வைக்க முடியாதே, அதே சங்கதி. அதைக் கேட்டுக்கொண்டே வெட்டினால் கத்தி மேளத்துக்கு ஏற்றபடி ஓடி, பட்டைக்குள் ஆழமாக இறங்கிவிடும். மரம் காயப்படும். அதனால் வெட்டு முடிந்து பால் எடுக்கிற நேரத்துக்கு மட்டும் அதை ஒதுக்கினேன்.

ஷீட் அடிக்கும்போது கேட்க உடைஞ்ச கப்பல்தான் சரி. மெதுவான மெட்டல் அது. டிரம்மர் ஓர் அடி அடித்துவிட்டு யோசிப்பான். அவன் அடுத்த அடிக்கு வருவதற்குள் உறைந்த பாலை ரோலரில் விட்டு மறுபக்கம் ஷீட்டாக இழுத்துவிடலாம். ஒரு பாட்டு ஒரு பிரசங்கத்தின் நீளம். ஆனால் பிரசங்கத்தில் வருகிற தூக்கம் இதில் வராது.

புதன்கிழமைதான் நான் ஒழுங்கை மீறினேன். அவள் கூப்பிட்டு, "அத்தான், இங்க படுத்துப் படுத்து முதுகு ஒட்டிப்போச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது. எதையாவது அனுப்புங்க" என்றாள். நான் புதிதாகப் பிடித்து வைத்திருந்த ஒன்றை அனுப்பினேன். அட்டையில் கிரீடம் வைத்த நண்டு. பின்லாந்துக்காரர்கள். அந்த டிரம்மருக்கு இரண்டு காலா நாலு காலா என்று எனக்கு இப்போதும் சந்தேகம். அவ்வளவு வேகம். சாயங்காலம் அவளிடமிருந்து ஒரே வரி வந்தது: 'நண்டு கொள்ளாம். ரெண்டு தடவை கேட்டேன்.' நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதுவே எனக்குப் பழக்கமில்லாத காரியம். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வியாழன் காலையில் மழை. வெட்டு இல்லை. பாலில்லாத கட்டன்சாயா போட்டுக்கொண்டிருக்கும்போது மாமியின் போன் வந்தது. மாமி என்னை நேராகக் கூப்பிடவே மாட்டார்.

"மருமவனே, பேடிக்காதீங்க" என்று தொடங்கினார். பயப்படாதே என்றால் நான் பயப்பட வேறென்ன வேண்டும்? "பிள்ளைக்கு அனக்கம் இல்ல. காலையில எழும்பினதுல இருந்து அசைஞ்சதே தெரியல்லியாம். நேத்து இவ அந்த இரைச்சல கேட்டுக்கிட்டே கிடந்தா. நான் அப்பவே சொன்னேன்."

பிறகு அவள் போனை வாங்கினாள். "அத்தான், ஒண்ணும் இருக்காது. சில நேரம் பிள்ளை உறங்கிக் கிடக்கும். ஆனாலும் பாத்துருவோம். தக்கலை ஆசுபத்திரிக்கு ஆட்டோல போறோம். நீங்க பைய வாங்க."

மெதுவாக, பதற்றமே இல்லாமல் பேசினாள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் நர்ஸுகள் பேசுகிற குரல் அது. அந்தக் குரலைக் கேட்டதும் சாயா அடுப்பை அணைத்தேன்.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். நண்டு. நான் அனுப்பிய நண்டு. இரண்டு தடவை. இருட்டுக்குள் சமாதானமாக மிதந்துகொண்டிருந்த பிள்ளைக்கு அந்த நாலுகால் பிசாசு என்ன செய்ததோ? ஞாயிற்றுக்கிழமை போனபோது என் கையை எடுத்து அவள் வயிற்றில் வைத்தாள், உள்ளே இருந்து ஒரு இடி. அந்தக் கால் இப்போது ஏன் அசையவில்லை? வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே ஜெபம் பண்ணினேன். இனி ஹெவி மெட்டல் கேட்கமாட்டேன் என்றுகூடப் பொருத்தனை செய்தேன். குமாரபுரம் தாண்டியதும், அவளைக் கேட்காமல் அப்படி ஒரு பொருத்தனை செய்யலாமா என்று அது வேறு கவலை ஆனது.

தக்கலை வந்ததும் பைக் தானாக நின்றது. நான் நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நிற்கிற பழக்கடை அது. மாமியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போனால் கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவமானம். தலைக்குள் பிள்ளை, நண்டு, மாமி எல்லாம் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்க, கடைக்காரரிடம் மட்டிப்பழம் அரைக்குலை கேட்டுக்கொண்டு நின்றேன்.

"என்ன மக்கா, இப்பிடி நனைஞ்சுட்டு. பெண்டாட்டி வீட்டுக்கா?"

"ஆசுபத்திரிக்கு."

"ஆசுபத்திரிக்கு ஒரு சீப்பு போராதா? அரைக்குலை எதுக்குடே?"

"மாமியும் இருக்காவ."

"அப்ப முழுக்குலையா கொண்டு போ" என்று ஒரு குலையை எடுத்துப் பைக்கின் பின்னால் கட்டியே விட்டார். கட்டுகிற கயிறு சிக்கலாகி, அதை அவர் அவிழ்த்து, மறுபடி கட்டி முடிக்கிறவரை நான் மழையில் நின்று அழாத குறை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

ஆசுபத்திரி மாடியில் மாமி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே என் தோளில் இருந்த குலையைப் பார்த்தார்.

"இது என்னது?"

"மட்டி, மாமி."

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து ஒரு நர்ஸ் வந்து, "வார்டுக்குள்ள பழக்கடை போட வந்தீங்களா? ஓரமா வையுங்க. வீட்டுக்காரர் மட்டும் உள்ள வாங்க" என்றாள். ஓரமாக வைக்கவும் தோன்றவில்லை. குலையோடுதான் போனேன்.

திரைக்குப் பின்னால் என் மனைவி ஒருச்சாய்ந்து படுத்திருந்தாள். வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டை. பக்கத்தில் ஒரு மெஷின். அதிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வேகமாக, விடாமல், ஒரே ஒழுங்கில். டுப்டுப்டுப்டுப். நண்டு டிரம்மரின் காலே அதுதான்.

"ஏட்டி, என்னது இவ்வளவு வேகம்?"

"பிள்ளைக்க இதயம். அப்பிடித்தான் இருக்கும். நல்ல துடிப்பு அத்தான்."

"இல்ல, இது அந்தப் பாட்டுக்க வேகம். பிள்ளை அதப் பிடிச்சுக்கிட்டு விடாம…"

அவள் என்னைப் பார்த்தாள். என் தோளைப் பார்த்தாள். முகத்தில் மழைத்தண்ணீர் வழிய, தோளில் ஒரு குலை மட்டிப்பழத்தோடு நின்றுகொண்டு நான் பிள்ளையின் தாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். சிரிக்கத் தொடங்கினாள். பட்டைகள் குலுங்கி, மெஷின் கரகரவென்று இழுத்தது. "சிரிக்கப்பிடாது, கிராஃப் கெட்டுப்போவும்" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

அப்போது டாக்டரம்மா வந்தார். கவலைக்காரனுக்கு வெட்கம் கிடையாது. கேட்டுவிட்டேன்.

"டாக்டர், நேத்து நான் ஒரு பாட்டு அனுப்பினேன். ரொம்ப இரைச்சல். அதனால பிள்ளைக்கு ஏதாவது…"

"பாட்டா? என்ன பாட்டு?"

"ஹெவி மெட்டல்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் மரியாதை. "ஹெட்போன வயித்துமேல வச்சீங்களா?" என்று அவளிடம் கேட்டார். இல்லை, காதில்தான் என்றாள். "அப்ப பிள்ளைக்கு அது பக்கத்து வீட்டு மிக்சி ஓடுற மாதிரி கேட்டிருக்கும். ஒண்ணும் ஆகாது. வயித்துல வைக்காதீங்க, சத்தத்தக் குறைச்சுக் கேளுங்க. துடிப்பு நல்லா இருக்கு. ஆனா அசைவையும் பாக்கணும். காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"பேடிச்சுப் போயி ஒண்ணும் சாப்பிடல்ல" என்று திரைக்கு வெளியே இருந்து மாமியின் குரல் பதில் சொன்னது.

"அதான். ஏதாவது சாப்பிடட்டும். கொஞ்ச நேரம் மெஷின்லயே கிடக்கட்டும்" என்ற டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். என் தோளில் கண் நின்றது. "பழம் இருக்கே!"

நான் குலையை இறக்கி வைத்தேன். அவள் ஒன்றைத் தின்றாள். இன்னொன்று. மூன்றாவதை மாமி உள்ளே வந்து உரித்துக் கொடுத்தார். மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் கேட்ட எந்தப் பாட்டையும் நான் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு காதாலும் கேட்டேன். பன்றி வந்தால் வரட்டும்.

அப்படி நிற்கும்போது பையிலிருந்து போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யத் தொடங்கினேன். நாளைக்கு எனக்குக் கவலை மறுபடியும் வரும் என்று தெரியும். அப்போது கேட்க ஏதாவது வேண்டாமா?

முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒழுங்கான அந்த ஓட்டத்துக்கு நடுவில் "டொப்" என்று ஓர் அடி. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. அதன்பிறகு வரிசையாக, கோபமாக எழுந்து கதவைத் தட்டுகிறவன்போல, டொப், டொப்.

"சாடுது!" என்றாள் அவள்.

"ஸ்தோத்திரம்!" என்று மாமி சபையில் முதல் வரி எடுக்கிற அதே குரலில் சொன்னார். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். என் பதிவிலும் அது இருக்கிறது, துல்லியமான சுருதியில்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்து, "உறங்கியிருக்கு, பசியோட உறங்கியிருக்கு" என்றார். சாயங்காலம் வரை வைத்திருந்துவிட்டு, இனி அசைவு குறைந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மிச்சப் பழத்தை மாமி வார்டிலேயே எல்லாருக்கும் பங்கு வைத்தார். என்னைப் பார்த்து, "குலையைக் கொண்டு வரணும்னு எப்பிடித் தோணிச்சு மருமவனே?" என்று கேட்டார். எனக்குத் தோன்றவே இல்லை, பயத்தில் கை தானாக வாங்கியது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். "சும்மா தோணிச்சு மாமி" என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லாக் களேபரத்திலும் புதிதாக ஒன்றையும் நான் கேட்டிருக்கவில்லை. சொல்ல ஆல்பம் இல்லை. அதனால் போனில் பதிவு செய்ததை அனுப்பினேன். கீழே எழுதினேன்: 'இந்த வாரத்தில் பிடித்தது. குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தொடக்கத்தில் ஒன்றும் நடக்காது, பொறுத்துக் கேட்கவும்.'

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"கேட்டேன் அத்தான். ஒரே பாட்டு, ஒரே வேகம். பேஸ் கிட்டார் சுத்தமா இல்ல. ரெக்கார்டிங் மோசம். நடுவுல ஒரு பொம்பள வந்து கத்துது."

"அப்ப கொள்ளாதா?"

"டிரம்மர் கொள்ளாம். பாட்டு எழுதத் தெரியல்ல, ஆனா கால் நல்ல கால். மஞ்சள் ஆட்டுக்காரன் இவன்கிட்ட படிக்கணும்."

பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "ஏட்டி, அத எனக்க போனுக்கும் அனுப்பச் சொல்லு."

அனுப்பினேன். போனை வைக்காமலே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம், வீட்டுக்குள் எங்கேயோ டுப்டுப்டுப் என்று தொடங்கியது. அடுக்களையாக இருக்க வேண்டும், பாத்திரச் சத்தமும் கேட்டது. மாமி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "கேளு, எனக்க பேரப்பிள்ளை" என்றார். சத்தத்தை இன்னும் கூட்டினார். அந்தச் சின்னப் போன் ஸ்பீக்கர் கிழிகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. நாங்கள் கேட்ட எந்த நண்டும் ஆடும் அந்த அளவு சத்தத்துக்கு வந்ததில்லை.

எனக்குக் கவலை தொடங்கிவிட்டது.

"ஏட்டி" என்றேன், "மாமிகிட்ட சொல்லு, சத்தத்தக் கொஞ்சம் குறைச்சு வைக்கச் சொல்லு. பிள்ளைக்கு…"

"சொன்னா கேக்க மாட்டா" என்றாள். "மூணாவது தடவை போடுகா."